அல்டிமேட் டிக் டாக் டோ: வைக்கிற கட்டத்தை விட அனுப்புற இடம் தான் முக்கியம்

சாதா டிக் டாக் டோவுல (9 கட்டத்துல எக்ஸ், ஓ போட்டு ஒரே கோட்டுல மூணு சேர்க்கிற ஆட்டம்) ரெண்டு பேரும் கவனமா ஆடினா எப்பவுமே டிரா தான், அதனால சீக்கிரமே சலிச்சுடும். அல்டிமேட் அப்படி இல்ல. பெரிய போர்டோட ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ஒரு குட்டி போர்டு, ஆக 9 குட்டி போர்டு, மொத்தம் 81 கட்டம். நீங்க குட்டி போர்டுல எந்த இடத்துல வைக்கிறீங்களோ, பெரிய போர்டுல அதே இடத்துல இருக்குற போர்டுல தான் எதிராளி அடுத்து வச்சாகணும். ஒரே கோட்டுல இருக்குற 3 குட்டி போர்டை ஜெயிச்சா ஆட்டம் உங்களுது.

கீழ சொல்றதுக்கு வசதியா போன் கீபேட் மாதிரி நம்பர் போட்டுக்குங்க, மேல் வரிசை 1 2 3, நடு வரிசை 4 5 6, கீழ் வரிசை 7 8 9. போர்டுக்கும் அதே நம்பர், உள்ள இருக்குற கட்டத்துக்கும் அதே நம்பர்.

புதுசா ஆடுறவங்க பண்ற பெரிய தப்பு, குட்டி போர்டை ஜெயிக்கிற சான்ஸ் வந்தா யோசிக்காம உடனே எடுத்துடறது. ஒரு நிலையை பாருங்க. எதிராளி ஏற்கனவே 1, 2 ரெண்டு போர்டையும் ஜெயிச்சாச்சு. 3-வது போர்டுல அவருக்கு 1-லயும் 5-லயும் இருக்கு, 9 காலி. உங்களை இப்ப 7-வது போர்டுக்கு அனுப்பியிருக்கார், அங்க உங்களுக்கு 1, 2 இருக்கு, 3 வச்சா போர்டு உங்களுது. கை தானா அங்க தான் போகும். ஆனா நீங்க 3 வச்ச உடனே அவர் 3-வது போர்டுக்கு போறார், 9-ல வைக்கிறார், மேல் வரிசை முழுசும் அவருக்கு, ஆட்டம் க்ளோஸ். நானும் இப்படி ஜெயிச்சுட்டோம்னு நினைச்ச அடுத்த நொடியே நிறைய தடவை தோத்திருக்கேன், அதுக்கப்புறம் தான் பேனா வைக்கிறதுக்கு முன்னாடி "இவரை எந்த போர்டுக்கு அனுப்புறேன்"னு வாய்விட்டு சொல்லிப் பாக்குற பழக்கம் வந்துச்சு.

அதே நிலையில 6-வது போர்டு காலியா இருந்தா 6-ல வைங்க. உங்க ரெண்டு எக்ஸ் எங்கயும் ஓடிடாது, ஏன்னா அதை பிளாக் பண்ண அவர் 7-வது போர்டுக்குள்ள வரணும், அவரை அங்க அனுப்ப வேண்டியது நீங்க தான். இது நிறைய பேருக்கு புரியறதே இல்ல. சாதா ஆட்டத்துல ரெண்டு சேர்ந்தா எதிராளி உடனே தடுத்துடுவார். இங்க அந்த மாதிரி ரெண்டு சேர்த்து வச்சா அவர் மத்த எந்த போர்டுலயும் 7-ம் கட்டத்தை தொட பயப்படுவார், அங்க வச்சா, முடிக்கிற கட்டம் ஆபத்தில்லாததா இருந்தா நீங்க வந்து முடிச்சுடுவீங்கல்ல. அதாவது ஒரு போர்டுல செய்யுற வேலை, மத்த போர்டு எல்லாத்துலயும் அவருக்கு ஒரு கட்டத்தை பூட்டி வைக்குது. அவசரப்பட்டு முடிச்சா அந்த பூட்டும் போயிடும்.

அடுத்தது ஃப்ரீ மூவ். வழக்கமான ரூல்ல, ஜெயிச்சு முடிஞ்ச போர்டுக்கோ நிறைஞ்ச போர்டுக்கோ ஒருத்தரை அனுப்பினா அவர் திறந்திருக்குற எந்த போர்டுல வேணா வைக்கலாம். மேல சொன்ன நிலையில 1, 2 முடிஞ்சு போன போர்டு, அதனால நீங்க எங்க இருந்தாலும் 1-ம் கட்டத்துலயோ 2-ம் கட்டத்துலயோ வச்சா அவருக்கு ஃப்ரீ மூவ், நேரா 3-வது போர்டுக்கு போய் முடிச்சுடுவார். ஆக 1, 2, 3 மூணுமே உங்களுக்கு ஆகாது. ஆனா பாருங்க, அவரும் அதே மூணை தொட முடியாது, தொட்டா நீங்க 3-வது போர்டுக்குள்ள நுழைஞ்சு 9-ல வச்சு அடைச்சுடுவீங்க. இப்ப யாருக்கு ஆபத்தில்லாத கட்டம் முதல்ல தீருதோ அவர் தான் மாட்டுவார், ஆட்டத்தோட கடைசி பாகம் பெரும்பாலும் இந்த கணக்கு தான், அதனால அந்த நேரத்துல உக்காந்து எண்ணுங்க, சோம்பல் படாதீங்க.

சாதா ஆட்டத்துல நடுக்கட்டம் தான் பெஸ்ட், 8 கோட்டுல 4 கோடு அது வழியா போகுது. அந்த பழக்கத்துல இங்கயும் எல்லா போர்டுலயும் நடுவுலயே வைக்கிறாங்க. ஒவ்வொரு தடவையும் எதிராளியை நடு போர்டுக்கு அனுப்புறீங்க, பெரிய போர்டுல அதிக மதிப்பு அதுக்கு தானே! அதை அவர் ஜெயிச்சுட்டா அப்புறம் எந்த நடுக்கட்டத்துல வச்சாலும் ஃப்ரீ மூவ் வேற குடுக்கணும்.

ஆனா ரூலை முன்னாடியே பேசிக்காம உக்காந்தா இந்த அட்வைஸே தலைகீழா போயிடும். ஜெயிச்ச போர்டுலயும் காலி கட்டம் இருக்குற வரைக்கும் அங்கயே தான் வச்சாகணும்னு ஒரு ரூல் இருக்கு, அதுல முதல்ல ஆடுறவர் நடு போர்டு நடுக்கட்டத்துல ஆரம்பிச்சு, எதிராளியை திரும்பத் திரும்ப நடு போர்டுக்கே தள்ளி, அந்த ஒரு போர்டை விட்டுக்குடுத்துட்டு மத்ததை வாரிடலாம். அதிகபட்சம் 43 மூவ்ல கட்டாயம் ஜெயிக்கலாம்னு 2020-ல ஒரு ஆய்வுல நிரூபிச்சிருக்காங்க. அதனால அந்த ரூல்ல ஆடாதீங்க, ஆடினா முதல்ல ஆடுங்க.

டிரா ஆன குட்டி போர்டு யாருக்கு சேரும்னும் முதல்லயே கேட்டுக்குங்க. யாருக்கும் இல்லைன்னு வச்சா, அவருக்கு 1, 2 இருக்கும்போது நீங்க 3-வது போர்டை ஜெயிக்கணும்னே அவசியம் இல்ல, டிரா பண்ணி விட்டாலே அந்த வரிசை செத்துடும், அங்க ஜெயிக்கணும்னு மெனக்கெட்டு வேற இடத்துல நல்ல மூவை விட்டுடாதீங்க.