முதலில் வெளிச்சம், அப்புறம்தான் செடி

நர்சரியில் எல்லாமே பச்சைப் பசேலென்றுதான் நிற்கும். ஆசையில் நாலைந்தை அள்ளிக்கொண்டு வந்து ஹாலில் வைத்தால் ஒரே மாதத்தில் பாதி மஞ்சளாகிவிடும், உடனே "நமக்குக் கைராசி இல்லை" என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைங்க. செடிக்கு இடம் தப்பு, இல்லையென்றால் தண்ணீர் அதிகம்.

அதனால் வாங்குவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு, பகல் 12 மணிக்கு, மாலை 4 மணிக்கு வீட்டைச் சுற்றி வந்து வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நாலைந்து மணி நேரம் நேர் வெயில் படுகிற பால்கனி இருந்தால் துளசி, செம்பருத்தி, கறிவேப்பிலை வைக்கலாம். வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற இடம் என்றால் கற்பூரவல்லி, வெற்றிலைக் கொடி. வெயிலே வராது, ஆனால் பகலில் லைட் போடாமல் பேப்பர் படிக்க முடியும் என்றால் மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட். துளசியை மட்டும் ஹால் மூலையில் வைத்து வதைக்காதீர்கள், அது வெயிலுக்குப் பிறந்த செடி.

மண்ணுக்கு, செம்மண், கோகோபீட் என்கிற தேங்காய் நார்த் தூள், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. கோகோபீட்டில் உப்பு இருக்கும், ஊறவைத்து ஒரு தடவை அலசிவிட்டுக் கலக்குங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம்.

சரி, தண்ணீர். வீட்டுச் செடிகள் காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். மண்ணில் எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் அழுகிவிடும், அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் இலை வாடும், நாம் அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். நான் முதலில் வளர்த்த மணி பிளாண்ட் இப்படித்தான் போனது, இன்னமும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இப்போதெல்லாம் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறேன். ஈரம் தட்டினால் சொம்பை அப்படியே கீழே வைத்துவிடுவேன். கத்திரி வெயிலில் பால்கனிச் செடிக்குத் தினமும் தேவைப்படும், ஐப்பசி மழையில் வீட்டுக்குள் இருக்கிற செடிக்கு வாரம் ஒரு தடவையே ஜாஸ்தி. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண் மேல் வெள்ளையாகப் படியும், இலை நுனி கருகும். மழைத் தண்ணீரை ஒரு மூடி போட்ட வாளியில் பிடித்து வைத்து அதை ஊற்றிப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள், டெங்கு கொசு முட்டையிட அந்தக் கொஞ்சம் போதும்.

பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், இரண்டு சொட்டு சோப்புத் திரவம் கலக்கிச் சாயங்காலமாகத் தெளியுங்கள். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் மணி பிளாண்டைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும்.

ஒரே ஒரு செடிதான் வைக்க முடியும் என்றால் கறிவேப்பிலை வையுங்கள் என்பேன். குழம்புக்காக மட்டும் சொல்லவில்லை. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வண்ணத்துப்பூச்சி வந்து கொழுந்து இலையில் குண்டூசித் தலை அளவு முட்டை வைத்துவிட்டுப் போகும். பொரிந்து வருகிற புழு முதலில் காக்கா எச்சம் மாதிரியே இருக்கும், பறவை கண்ணுக்குத் தப்பிக்கத்தான் அந்த வேஷம், அப்புறம் தோல் உரித்துப் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டும், ஒரு காட்டமான வாசனையும் அடிக்கும். இலையைத் தின்கிறதே என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள், செடி கொஞ்ச நாளில் துளிர்த்துவிடும். புழு வளர்ந்ததும், கரண்ட் கம்பத்தில் பெல்ட்டைப் போட்டுச் சாய்ந்து நிற்கிற லைன்மேன் மாதிரி, ஒரு நூலை இடுப்பில் கட்டிக்கொண்டு காம்பில் கூட்டுப்புழுவாகச் சாய்ந்திருக்கும். பத்து நாள் போலக் காலையில் எழுந்ததும் அதைப் போய்ப் பாருங்கள். கூட்டுக்குள் இறக்கை நிறம் தெரிய ஆரம்பித்தால் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். வெளியே வந்ததும் இறக்கை கசங்கின ஈரத்துணியாகத் தொங்கும், மெதுவாக விரிந்து காயும், வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், தொட மட்டும் யாரையும் விடாதீர்கள்.