ஸ்பானிஷில் மரியாதையாக நன்றி சொல்வது எப்படி? புதிதாகக் கற்பவர்களுக்கு

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த முதல் நாளிலேயே ‘கிராசியாஸ்’ தெரிந்துவிடும். அதை யாரிடம், எதற்காக, எந்த இடத்தில் சொல்கிறோம் என்பதில்தான் மரியாதை இருக்கிறது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள்.

படி 1: உச்சரிப்பு

‘கிராமம்’ என்பதில் வரும் அதே ‘கிரா’, அழுத்தமும் அங்கேதான். லத்தீன் அமெரிக்காவில் ‘கிராசியாஸ்’. மாட்ரிட் பக்கம் நாக்கு நுனி பற்களுக்கு நடுவே வந்து ‘கிராத்தியாஸ்’ ஆகும். இரண்டும் சரி.

படி 2: மிக்க நன்றி

‘முச்சாஸ் கிராசியாஸ்’. கிராசியாஸ் பெண்பால் பன்மை, அதனால் ஆண்பால் வடிவமான ‘முச்சோ’ சேராது. இன்னும் மனம் நெகிழ்ந்தால் ‘மில் கிராசியாஸ்’, ஆயிரம் நன்றி.

படி 3: காரணத்தையும் சொல்லுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. வெறும் நன்றியைவிட, அவர் செய்ததைக் கவனித்தோம் என்று காட்டும் நன்றிக்கு மதிப்பு அதிகம். ‘கிராசியாஸ் போர்’ என்று தொடங்கிக் காரணத்தைச் சேருங்கள்.

கிராசியாஸ் போர் லா அயூதா: உதவிக்கு நன்றி.
கிராசியாஸ் போர் எஸ்பெரார்: காத்திருந்ததற்கு நன்றி.

வினைச்சொல்லை அகராதியில் உள்ளபடியே போட்டால் போதும். ‘அயூதா’வில் வருவது ‘அது’ என்பதில் உள்ள மெல்லிய த.

படி 4: நீயா, நீங்களா?

‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். நமக்கு இது புதிதில்லை. நண்பரிடம் ‘தெ லோ அக்ரதெஸ்கோ’: அதற்காக உனக்கு நன்றி. பெரியவரிடமும் மருத்துவரிடமும் ‘செ லோ அக்ரதெஸ்கோ’: அதற்காக உங்களுக்கு நன்றி. ஸ்பெயினில் கடைக்காரரிடமே ‘தூ’ சகஜம். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் நண்பர்களுக்குள்ளும் ‘உஸ்தெத்’ கேட்கும். சந்தேகம் வந்தால் உஸ்தெத் பக்கமே நில்லுங்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஆணோ பெண்ணோ, ‘முய் அமாப்லே, கிராசியாஸ்’ (மிகவும் அன்பானவர் நீங்கள், நன்றி) என்றால் அழகாக இருக்கும்.

படி 5: நன்றி ‘போதும்’ ஆகும் இடம்

அர்ஜென்டினாவில் மாத்தே என்ற மூலிகைப் பானத்தை எல்லோரும் ஒரே குடுவையில், ஒரே உறிஞ்சுகுழலில் குடிப்பார்கள். ஒருவர் வெந்நீர் ஊற்றித் தருவார். குடித்து முடித்து அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போது ‘கிராசியாஸ்’ என்றால் ‘எனக்குப் போதும்’ என்று அர்த்தம். அடுத்த சுற்றில் குடுவை உங்களைத் தாண்டிப் போய்விடும். இன்னும் குடிக்க ஆசை இருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுங்கள். கடைசிக் குடுவைக்கு மட்டும் நன்றி சொல்லுங்கள்.

படி 6: உங்களுக்கு யாராவது நன்றி சொன்னால்

‘தே நாதா’ எங்கும் செல்லும். மெக்சிகோவில் ‘போர் நாதா’வும் கேட்கும்; கொலம்பியாவிலும் கோஸ்டாரிகாவிலும் ‘கோன் முச்சோ குஸ்தோ’ என்பார்கள். பொருளை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கடைக்காரர் முந்திக்கொண்டு ‘கிராசியாஸ்’ என்றால், ‘அ உஸ்தெத்’ என்று சொல்லுங்கள்: நான்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நண்பர் என்றால் ‘அ தி’.