சரிந்துகொண்டே இருந்த சேலை அலமாரி

பொள்ளாச்சியில் எங்கள் படுக்கையறைச் சுவர் அலமாரியை எத்தனை முறை அடுக்கினாலும், அடியிலிருந்து ஒரு நெகமம் சேலையை உருவியதும் மேலிருந்தவை அனைத்தும் சரிந்துவிடும். ஒரு ஞாயிறன்று எல்லாவற்றையும் பவானி ஜமக்காளத்தின் மேல் இறக்கி வைத்துவிட்டு அளந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது: தட்டுகளுக்கு இடையே 18 அங்குல உயரம் இருந்ததால், இடத்தை நிரப்புவதற்காகவே பதினைந்து சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருந்தேன்.

தச்சரை அழைத்து நடுவில் ஒரு பலகை சேர்த்தேன். இப்போது ஓர் அடுக்கில் ஆறு சேலைகளுக்கு மேல் வைப்பதில்லை. சென்னிமலைப் போர்வைகள் கட்டிலடிப் பெட்டிக்குச் சென்றன.

பட்டுச் சேலைகளுக்குத்தான் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. அம்மாவின் கூறைப்புடவையில், ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த இடத்தில் சரிகை இற்று, நூல் பிரிந்திருந்ததைக் கண்டு மனம் வலித்தது. அன்றிலிருந்து பட்டை வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்கிறேன். சரிகையில் பட்டால் நிறம் மங்கும் என்பதால் அந்துருண்டையைத் தனியே துணியில் முடிந்து மூலையில் போடுகிறேன். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சுவர் ஈரம் வாங்குவதால், துணிகளைப் பின்சுவரிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளியே அடுக்குகிறேன்.