போர் ரோபோ கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: அரம் வழுக்கினால் மகிழாதீர்கள்

சென்ற மாதம் திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போயிருந்தபோது, பொறியியல் மாணவர்கள் நால்வர் ரிமோட்டில் இயக்கி அரங்கில் மோதவிடும் தங்களுடைய 15 கிலோ போர் ரோபோவுக்கான டிரம்மை, அதாவது எதிராளியை அடிக்கச் சுழலும் பல் வைத்த எஃகு உருளையை, மேசைமேல் வைத்து, அதன் பல்லில் அரத்தைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஃகு அவ்வளவு கடினமாக இருந்ததால் அரம் துளியும் பிடிக்காமல் வழுக்கிச் சென்றது. நால்வர் முகத்திலும் பெருமை. எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு மேசையருகே அரத்தோடு நின்று மகிழ்ந்தவன் என்பதால், அந்த மகிழ்ச்சி என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவர்களிடம் சொன்னேன். அன்று சொன்னதையும், நேரமின்மையால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். மின்முனைகளை மாற்றி இணைப்பது, திருகாணியை முறுக்க மறப்பது போன்ற தவறுகளை யாரும் ஒரு முறை செய்துவிட்டுத் தாமே திருத்திக்கொள்வார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆயுதத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிடாமல் கட்டுவது

வெளிவிட்டம் 100 மி.மீ., உள்விட்டம் 60 மி.மீ., நீளம் 100 மி.மீ. உள்ள எஃகு டிரம் ஏறக்குறைய 4 கிலோ இருக்கும். அது நிமிடத்துக்கு 7,000 சுற்று சுழலும்போது அதில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 1,800 ஜூல். அந்த ஆற்றல் முழுவதும் எதிராளியைத் தூக்குவதற்கே பயன்பட்டால் 15 கிலோ ரோபோவை 12 மீட்டர் உயரத்துக்கு, அதாவது நான்கு மாடி உயரத்துக்கு, எறிந்துவிடலாம். எதிராளி வாங்கும் அந்த அடியை அதே கணத்தில் நம் டிரம்மும் அதன் அச்சான ஷாஃப்டும் பேரிங்கும் உடற்சட்டமான சேஸிஸும் வாங்குகின்றன என்பதைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். சுழல்வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகவே வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம் என்று சொல்லும்போது, நம் இயந்திரம் தாங்க வேண்டிய அடியையும் சேர்த்தே கூட்டுகிறோம்.

கடினமும், அடியைத் தாங்கும் உரமும் ஒன்று என்று நினைப்பது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

என் இரண்டாவது ரோபோவின் டிரம்மை இ.என்.24 என்ற கலப்பு எஃகில் கடைந்தோம். கடைகளில் பெரும்பாலும் இந்த எஃகு ஏற்கனவே ஓரளவு பதப்படுத்திய நிலையிலேயே கிடைக்கிறது; கார்பைடு வெட்டுமுனையில் ஒழுங்காகக் கடையவும் வரும், அடியையும் நன்றாகத் தாங்கும். லேத்காரர், "இப்படியே போட்டுக்கோங்க தம்பி, இதுக்கு மேல ஹார்டனிங் வேண்டாம்" என்றார். நான் கேட்கவில்லை. எதிராளியின் தகட்டில் பட்டு என் பல் மழுங்கிவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில், அதை வெப்பப் பதம் செய்யும் இடத்துக்கு அனுப்பி முழுக் கடினம் வேண்டும் என்று கேட்டேன். 840 பாகை செல்சியஸ் அளவில் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினார்கள். அதன்பின் உலையில் இரண்டாம் முறை மிதமாகச் சூடேற்றி எடுக்கும் டெம்பரிங் வேலைக்கு மறுநாள் வரை காத்திருக்கச் சொன்னார்கள். அன்றிரவு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்ததால், தேவையில்லை என்று டிரம்மை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது.

சென்னையில் நடந்த போட்டியின் முதல் சுற்றில் எதிராளி ஒரு சாய்தள ரோபோ. நாங்கள் அடித்ததெல்லாம் வழுக்கியே போனதால் ஒன்றும் தெரியவில்லை, புள்ளிகளில் வென்றோம். இரண்டாவது சுற்றில் எதிராளியின் முன்தகட்டு விளிம்பில் பல் நேராக மோதியது. பாத்திரம் விழுந்து உடைவதுபோல ஓர் ஓசை. பல் அடியோடு உடைந்து பறந்து அரங்கின் பாலிகார்பனேட் தடுப்பில் குத்தி நின்றது. ஒரு பக்கம் எடை இழந்த டிரம் அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருந்ததால் ரோபோ முழுவதும் அதிர்ந்து துள்ளியது. ஒரு பேரிங் தன் இருக்கையை விட்டு வெளியே வந்தது. பேட்டரிக் கம்பி அறுந்தது. நடுவர் 10 வரை எண்ணி முடித்தார். மூன்று மாத உழைப்பு ஒரே அடியில் போனது.

ஊருக்கு வந்ததும் உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு, அரிவாள் அடிக்கும் பெரியவர் ஒருவரின் கொல்லுப்பட்டறைக்குப் போனேன். அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கேட்டது ஒன்றுதான்: "தோய்ச்சல் மட்டும் குடுத்துட்டு அப்படியே விட்டுட்டியளோ தம்பி? திருப்பிச் சூடு காட்டாத இரும்பு கண்ணாடில்லா."

தோய்ச்சல் என்றால் காய்ச்சிய இரும்பை அமிழ்த்திக் குளிர்விப்பது. அவர் காட்டியபின் நானும் பார்த்தேன். உடைந்த முகம் எங்கும் வளைந்த அடையாளமே இல்லை. சீனியைக் கொட்டியதுபோல மணிமணியாக, சாம்பல் நிறத்தில் மின்னியது. பல்லின் அடிமூலையில் மட்டும் நகக்கண் அளவுக்குப் பிறை வடிவில் ஒரு பகுதி எண்ணெய்க் கறை படிந்து கருத்திருந்தது. அந்தக் கருப்பு, போட்டியில் உண்டான உடைவு அன்று. எண்ணெயில் அமிழ்த்திய அன்றைக்கே அங்கே விரிசல் விழுந்து, அதற்குள் எண்ணெய் புகுந்திருக்கிறது. விரிசல் விழுந்த ஆயுதத்தைத்தான் நான் பெருமையோடு சென்னைக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

நடந்தது இதுதான். எஃகைக் காய்ச்சி விரைவாகக் குளிர்விக்கும்போது அதன் உள்ளமைப்பு மிகக் கடினமானதாக மாறுகிறது; கூடவே உள்ளுக்குள் பெரும் இறுக்கமும் தங்கிவிடுகிறது. அந்த நிலையில் எஃகு கீறலைத் தாங்கும், அரத்தை வழுக்க வைக்கும். ஆனால் அடி விழும்போது சற்றும் வளைந்து கொடுக்காது. வளையாத பொருளில் அடியின் முழு விசையும் ஏதாவது ஒரு கூர்மையான உள்மூலையில் போய்க் குவிகிறது. என் வரைபடத்தில் பல்லும் டிரம்மும் சேரும் இடம் கத்தி வெட்டியதுபோல நேர்கோணமாக இருந்தது. விசை குவிவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. கடினம் என்பது கீறலைத் தாங்கும் குணம், உரம் என்பது அடியைத் தாங்கும் குணம். பெரும்பாலும் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. போர் ரோபோவின் ஆயுதத்துக்கு முதலில் வேண்டியது உரம்.

அரிவாளின் வெட்டுவாயை மட்டும் கடினமாக்கி, முதுகை மென்மையாகவே விடுவது நம் பக்கத்துக் கொல்லர்களின் பழைய வழக்கம். தோய்ச்சல் கொடுத்தபின் உடம்பில் மிச்சமிருக்கும் சூடு விளிம்பை நோக்கி ஏறும்போது, தேய்த்து வெளுக்க வைத்த இரும்பில் முதலில் வெளிர் வைக்கோல் நிறமும், பிறகு பழுப்பும், பிறகு நீலமும் ஓடி வரும். வேண்டிய நிறம் வந்ததும் மீண்டும் தண்ணீரில் வைத்து நிறுத்திவிடுவார்கள். வைக்கோல் நிறம் ஏறக்குறைய 220 பாகை, நீலம் ஏறக்குறைய 300 பாகை. உலையில் அளவுமானி வைத்துச் செய்யும் டெம்பரிங்கும் இதே வேலைதான். அரிவாள் ஊரில் பிறந்து வளர்ந்த நான் இதைக் கேட்காமல் போனேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவது டிரம்மில் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். பல்லின் அடிமூலையை 6 மி.மீ. ஆரத்தில் வளைவாகக் கடைந்தோம். எண்ணெயிலிருந்து எடுத்த டிரம் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த உடனே டெம்பரிங் உலைக்குள் போயிற்று. இ.என்.24 எஃகை 250 முதல் 400 பாகை வரையுள்ள இடைவெளியில் டெம்பர் செய்தால் அது மீண்டும் நொறுங்கும் இயல்பைப் பெறுகிறது என்பதால், அந்த எல்லையைத் தாண்டி, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 40-ஐ ஒட்டிய கடினத்தில் நிறுத்தச் சொன்னோம். திரும்பி வந்ததும் மண்ணெண்ணெய் பூசி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினோம். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து, பொடியில் ஈரக்கோடாகத் தெரியும். பத்து ரூபாய்ச் செலவில் முடியும் இந்தச் சோதனையை அன்று செய்திருந்தால் சென்னைக்கு அந்த டிரம்மைக் கொண்டுபோயிருக்கமாட்டேன்.

அந்த மூன்றாவது டிரம் அடுத்த போட்டியில் நான்கு சுற்றுகள் ஆடியது. பல்லின் நுனி 3 மி.மீ. அளவுக்கு மழுங்கி மடங்கியது, உடையவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கிரைண்டரில் தேய்த்து நேராக்கினோம். மழுங்கிய பல்லோடு அரையிறுதி வரை போனோம்.

பற்கள் கூடினால் அடி கூடும் என்று நினைப்பது

எதிர்மாறாகத்தான் நடக்கும். 7,000 சுற்று என்பது விநாடிக்கு ஏறக்குறைய 117 சுற்று. ரோபோ விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் முன்னேறினால், ஒரு பல் கடந்து அதே பல் திரும்பி வருவதற்குள் ரோபோ 26 மி.மீ. நகர்ந்திருக்கும், அந்த அளவுக்குப் பல் எதிராளிக்குள் புக முடியும். இரண்டு பல் வைத்தால் அது 13 மி.மீ. நான்கு வைத்தால் ஆறரை. அப்போது டிரம் எதிராளியைப் பிடித்துத் தூக்காமல் வெறுமனே உரசிக்கொண்டே இருக்கும். ஒற்றைப் பல் வைத்தால் எதிர்ப்பக்கம் எடையைச் சமன்செய்தே ஆக வேண்டும் என்பது மட்டும் அதிலுள்ள சிரமம்.

சக்கரத்தை கியர் மோட்டாரின் ஷாஃப்டில் நேரடியாக மாட்டுவது

சக்கரத்தில் விழும் அடி அப்போது நேரே மோட்டாருக்குள் போகும். என் முதல் ரோபோ இதனால்தான் தோற்றது. சக்கரத்துக்குத் தனி அச்சும் தனி பேரிங்கும் கொடுங்கள்.

எடையை இறுதியில் பார்ப்பது

கம்பி, திருகாணி, பேட்டரி எல்லாம் சேர்த்து முதல் கோடு வரையும்போதே கணக்கிடுங்கள். வரம்பைத் தாண்டிய எடையைக் குறைக்க எடை மேடையருகே டிரில் பிடித்துச் சேஸிஸில் துளை போடும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

ரிசீவரின் ஃபெயில்சேஃபைச் சோதிக்காமல் விடுவது

ஃபெயில்சேஃப் என்பது ரேடியோத் தொடர்பு அறுந்தால் ரோபோவை நிறுத்தும் ஏற்பாடு. ரிமோட்டை அணைத்ததும் ஆயுதமும் சக்கரமும் தாமாக நிற்க வேண்டும். ரோபோவுக்குள் இருந்து ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவர்களில் சில, கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியானால் ரேடியோத் தொடர்பு அறுந்தபின்னும் டிரம் சுழன்றுகொண்டே இருக்கும். சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ரோபோவை உயர்த்தி வைத்து, டிரம்மின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் இந்த விளையாட்டு 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் முறையான போட்டியாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே பிளெண்டோ என்ற சுழலும் கவச ரோபோ, பறக்கும் துண்டுகளால் பார்வையாளர்களுக்கு ஆபத்து என்று ஆட்டத்திலிருந்து நிறுத்தப்பட்டது. அன்றைய ஆபத்து இன்று நம் வீட்டு மொட்டைமாடியிலும் உண்டு. தடுப்புக் கூண்டு இல்லாமல் ஆயுதத்தை ஒரு முறைகூடச் சுழற்றாதீர்கள்.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழுச் சார்ஜில் வைத்திருப்பது

ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் முழு அளவு. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. பயன்படுத்தாத நாட்களில் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் தகரக்கொட்டகைக்குள் முழுச் சார்ஜோடு வைத்த பேட்டரி ஒரே வாரத்தில் உப்பிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். உப்பியதை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள்.

ஓட்டிப் பழகாமல் அரங்குக்குள் நுழைவது

ஆயுதத்துக்கு மூன்று மாதம் செலவிடுபவர்கள் ஓட்டுவதற்கு மூன்று மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. டிரம் முழு வேகத்தில் இருக்கும்போது சட்டென்று திரும்பினால் ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு மேலே எழும். பம்பரத்தைச் சாய்க்க முயன்றால் அது வேறு பக்கம் தள்ளுகிறதே, அதே விசைதான். எவ்வளவு வேகத்தில் எவ்வளவு திரும்பலாம் என்பது கைக்குத்தான் தெரிய வேண்டும். ரோபோ கவிழ்ந்து தலைகீழாக ஓடும்போது முன்னும் பின்னும் மாறிவிடும், ஆனால் இடவலத் திருப்பம் மாறாது. இதைத் தாளில் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டவர்கள்கூட அரங்கில் தடுமாறுகிறார்கள். டிரம்மைக் கழற்றி, அதே எடையுள்ள ஓர் இரும்புத் துண்டை அதன் இடத்தில் கட்டி, சிமெண்டுத் தரையில் செங்கற்களை அடுக்கி, ரோபோவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து அவற்றுக்கு நடுவே தினமும் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.