ஒற்றனும் பூக்காரியும்: சரித்திரக் காதல் உளவுக் கதை எழுதத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

சரித்திரக் காதல் கதை எழுத உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் கதாநாயகியின் கண்களில் தொடங்குகிறார்கள். உளவுக் கதை என்றால் கறுப்புப் போர்வை, சுரங்கப்பாதை, விஷம் தோய்ந்த மோதிரம். இரண்டையும் கலந்தால் போர்வைக்குள்ளிருந்து கண்கள் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். பத்தாவது பக்கத்தில் கதை படுத்துவிடும்.

இந்த வகைக் கதையை ஓட்டுவது ஒரே விஷயம்: யாருக்கு, எந்த நாளில், என்ன தெரியும்? இதை முதலில் கட்டிவிட்டால் காதல், உளவு, நீதி மூன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டாம். எப்படிக் கட்டுவது என்று 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: சின்ன இடம், சின்ன காலம்

சோழர் காலம் முழுவதையும் மடியில் கட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஒரு கோட்டை, இரண்டு மாதம் போதும்.

வேலூரில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலூர்க் கோட்டை அரண்மனையில் குடிவைத்தது. 1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய உடை விதி வந்தது: நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி மழிக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். 1806 மே மாதம் வேலூரில் அதை அணிய மறுத்த சிப்பாய்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி, வேலைநீக்கம். கசையடித் தண்டனை பெற்ற இன்னும் 19 பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். ஜூலை 9 அன்று அரண்மனையில் திப்புவின் மகள் ஒருத்திக்குத் திருமணம். மறுநாள் அதிகாலை அணிவகுப்பு இருந்ததால், வழக்கமாக வெளியே பேட்டைக் குடிசைகளில் தூங்கும் சிப்பாய்கள் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே தங்கினார்கள். விடிவதற்குள் கலகம் வெடித்தது. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த அதிகாரி ஒருவர் சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்த கம்பெனி அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சில மணி நேரத்தில் அடக்கிவிட்டது.

கல்யாண வீடு, சுவருக்குள் அடைபட்ட அரச குடும்பம், அவமானப்பட்ட சிப்பாய்கள். இதற்கு மேல் ஒரு கதைக்காரனுக்கு என்ன வேண்டும்?

படி 2: வேடத்தை முகத்தில் தேடாதீர்கள், வேலையில் தேடுங்கள்

ஒட்டுத்தாடி சினிமாவுக்குச் சரி. நிஜத்தில் ஒற்றருக்குத் தேவை, அங்கே அவர் இருப்பதை யாரும் கேள்வி கேட்காத ஒரு வேலை. “இந்தக் கோட்டை வாசலை தினமும் தாண்டுகிறவர்கள் யார் யார்?” என்று ஒரு தாளில் எழுதுங்கள். பால்காரர், வண்ணார், துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), கணக்கெழுதுகிறவர், நாவிதர், பூக்காரி, தையல்காரர், பக்கிரி. யாருக்கு எந்த வாசல் வரை அனுமதி என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

நான் இருவரை எடுக்கிறேன். இருவரும் கற்பனை. அலமேலு பூக்காரி, பெண் என்பதால் அந்தப்புரம் வரை போகலாம். அவளுடைய அண்ணன் மன்னிப்புக் கேட்டுத் தப்பிய அந்த 19 பேரில் ஒருவன். கசையடி பட்டவனின் தங்கையாக வைத்தால் கோபம் சுலபமாக வந்துவிடும். மன்னிப்புக் கேட்டு வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பவனின் தங்கை என்றால் கோபத்தோடு வெட்கமும் சேரும். அரண்மனையிலிருந்து பேட்டைக்குச் செய்தி கடத்துவது அவள் வேலை. சின்னையா கம்பெனியின் கணக்கப்பிள்ளை. கல்யாணத்துக்கு உள்ளே போகும் சாமான்களை வாசலில் எழுதுகிறான். இரவில் அதே பேனாவால் அதிகாரிக்கு இன்னொரு கணக்கும் எழுதுகிறான்.

வாசலில் தினமும் சந்திக்கிறார்கள். சந்திப்புக்கு மழையோ, ஓடும் குதிரையோ, கால் தடுக்கி விழுவதோ தேவையில்லை.

படி 3: அறிவுப் பட்டியல்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஒரு நோட்டில் அல்லது எக்செல்லில் இடப்பக்கம் தேதி. மேலே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கட்டம், கடைசியில் வாசகருக்கும் ஒரு கட்டம். அந்த நாளில் அவருக்கு என்ன தெரியும், எதைத் தவறாக நம்புகிறார் என்று மட்டும் எழுதுங்கள். சம்பவத்தை எழுத வேண்டாம்.

சரித்திரம் இங்கே ஓர் அபூர்வமான தேதியைத் தருகிறது. 1806 ஜூன் 17. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், சதி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறார். அதிகாரிகள் அதை விசாரிக்கச் சொல்லி இந்திய அதிகாரிகளின் குழுவிடமே விடுகிறார்கள். குழு ஒரே முடிவுக்கு வருகிறது: இவனுக்குப் பைத்தியம். அவரை விலங்கு பூட்டி அடைக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து அவர் சொன்னது அப்படியே நடக்கிறது.

பட்டியலில் இந்த வரிசையைப் பாருங்கள். முஸ்தபா பேக்குக்கு உண்மை தெரியும், நம்ப ஆளில்லை. அதிகாரிக்குச் செய்தி தெரியும், நம்பவில்லை. அலமேலுவுக்கு உண்மையும் தெரியும், ஒருவர் காட்டிக்கொடுத்ததும் தெரியும், அவர் நம்பப்படவில்லை என்பதும் தெரியும். நிம்மதியும் பயமும் ஒரே நேரத்தில். சின்னையாவுக்கு? இங்கேதான் கதை பிறக்கிறது. கல்யாணத்துக்குத் தேவையானதைவிடப் பூ அதிகமாகப் போகிறது, திரும்பி வரும் கூடை காலியாக இல்லை என்று அவன் ஜூன் தொடக்கத்திலேயே கவனித்திருக்கிறான். பைத்தியம் என்று சொல்லப்பட்டவர் உளறவில்லை என்பது அந்த ஊரில் கம்பெனிப் பக்கம் இருக்கும் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவன் வாயைத் திறந்தால் விலங்கில் கிடப்பவர் வெளியே வருவார், அலமேலு உள்ளே போவாள். திறக்காவிட்டால் உண்மை சொன்ன மனிதர் பைத்தியக்காரராகவே கிடப்பார்.

ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு முறை சொல்கிறார்: ஒற்றர் மூவர் ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்க வேண்டும், மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பலாம். உளவுக் கதைக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது. இரண்டாவது குரல் வராததால்தான் முஸ்தபா பேக் சிறைக்குப் போனார். அந்த இரண்டாவது குரலை உங்கள் கதாநாயகன் தொண்டையில் வையுங்கள். காதல் அந்தக் குரலை அடைக்கட்டும்.

உங்கள் கதை வேறு ஊர், வேறு காலம் என்றாலும் பட்டியலில் இப்படி ஒரு வரிசை கிடைக்கும்வரை எழுதத் தொடங்காதீர்கள். ஒருவர் பேசினால் காதல் போகும், பேசாவிட்டால் நீதி போகும்: அந்த நாள் எது?

படி 4: காதல் காட்சியைப் பட்டியலிலிருந்து எடுப்பது

பட்டியலில் இருவருக்கும் தெரிந்தது வெவ்வேறாக இருக்கும் நாளைப் பாருங்கள். காட்சி அங்கே தயாராக இருக்கும். ஒரு மாதிரி:

அலமேலு வாசலில் கூடையை இறக்கினாள். சின்னையா ஒரு சரத்தை எடுத்து விரலில் ஓட்டினான். பத்து மல்லி, ஒரு மரிக்கொழுந்து. பத்து மல்லி, ஒரு மரிக்கொழுந்து. அப்புறம் ஏழு மல்லி.

“இங்க மூணு குறையுதே?”

“பூ பத்தலைங்க.”

கூடை நிறையப் பூ இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“கட்டறப்ப தூங்கிட்டிருப்பே” என்று அவனே சொல்லிவிட்டு ஏட்டில் எழுதினான்: மல்லிச் சரம் நாற்பது முழம், சரி.

“நாற்பது இல்லீங்க. முப்பத்தெட்டு.”

“தெரியும்” என்றான். “போ.”

காதல் என்ற பேச்சே இல்லை. ஆனால் “சரி” என்று அவன் எழுதியது முதலாளிக்குச் செய்த முதல் துரோகம். அவன் எவ்வளவு தூரம் போவான் என்று பார்க்கத்தான் அவள் முப்பத்தெட்டு என்று திருத்துகிறாள். வாசகருக்கு ஏழு மல்லியின் அர்த்தம் இன்னும் தெரியாது. அவசரப்பட்டு விளக்காதீர்கள், நாலு அத்தியாயம் தாங்கும். பேச்சு வழக்கிலும் கவனம் வேண்டும். அவள் “ங்க” போடுகிறாள், அவன் “நீ” என்கிறான். என்றைக்கு அவள் “ங்க”வை விடுகிறாள் என்பதையும் பட்டியலில் ஒரு தேதியாகக் குறித்துவிடுங்கள். முத்தத்தைவிடப் பெரிய திருப்பம் அது.

படி 5: காலத்தைச் சோதிப்பது

சின்னச் சின்னப் பிழைகள் வாசகரைக் கதையிலிருந்து வெளியே தள்ளும். வேலூருக்கே பார்ப்போம்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறதே, காதலர்கள் பிராகாரத்தில் சந்திக்கட்டும் என்று தோன்றும். கூடாது. 1806இல் அங்கே வழிபாடு இல்லை. மூலவர் மீண்டும் வந்தது 1981இல்தான். அர்ச்சனைத் தட்டோடு கதாநாயகி உள்ளே போனால் வேலூர்க்காரர் எவரும் புத்தகத்தை மூடிவிடுவார்.

நிலா? அந்த ஆண்டு ஜூன் 16இல் ஒரு முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அமெரிக்காவில் தெரிந்த அது நமக்குத் தெரிந்திருக்காது, ஆனால் கிரகணம் என்றாலே அமாவாசை. அங்கிருந்து எண்ணினால் ஜூலை 9 இரவு தேய்பிறை. நடுநிசி தாண்டித்தான் நிலா எழும். ஆக, கல்யாண இரவில் முன்னிரவுக் காட்சிகளுக்குத் தீவட்டி வெளிச்சம்தான். இந்த ஒரு கணக்கு உங்களுக்கு இருட்டை இனாமாகத் தருகிறது.

மற்றவை வேகமாக: தீக்குச்சி இல்லை, புகைப்படம் இல்லை, தந்தி இல்லை. பாத்திரங்கள் மைல் கணக்கில் யோசிக்க மாட்டார்கள், காதம், நாழிகை என்றுதான் யோசிப்பார்கள். காலையில் காபி ஆற்றாதீர்கள். அரண்மனைக்குள் தக்கனி (தக்காணத்து உருது), வாசலில் தமிழும் தெலுங்கும், அதிகாரியிடம் ஆங்கிலம். இடையில் துபாஷி ஒருவர் எதையாவது விழுங்கிவிட்டு மொழிபெயர்ப்பார். அதையும் உளவுக்குப் பயன்படுத்தலாம்.

கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட்டின் மனைவி அமேலியா அந்த இரவைப் பற்றி எழுதிவைத்த நேரடிக் குறிப்பு கிடைக்கிறது. கணவரை இழந்தவரின் எழுத்து. உங்கள் அனுதாபம் சிப்பாய்கள் பக்கம் இருந்தாலும் அதைப் படியுங்கள். எதிர்ப்பக்கத்தில் மனிதர்கள் இல்லாத உளவுக் கதை பிரச்சாரமாகிவிடும்.

படி 6: நீதி

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். கடைசி அத்தியாயத்தில் வில்லன் சாகிறான், காதலர்கள் குதிரையேறுகிறார்கள். வேலூரில் நிஜமாக என்ன நடந்தது? அரண்மனையில் தஞ்சம் புகுந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். உடனிருந்த பொறியாளர் ஜான் பிளேக்கிஸ்டன், அது முறையான நீதியே என்று பின்னாளில் எழுதினார். பிறகு விசாரணை: ஆறு பேர் பீரங்கி வாயில், ஐந்து பேர் துப்பாக்கிக்கு, எட்டுப் பேர் தூக்கில், ஐந்து பேர் நாடுகடத்தல். உடை விதி கைவிடப்பட்டது. சென்னைக் கவர்னர் பெண்டிங்கும் சென்னைப் படைத் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். கிராடக்கின் கப்பல் கட்டணத்தைக்கூடக் கம்பெனி தர மறுத்ததாம். முஸ்தபா பேக்குக்குப் பரிசும் ஓய்வூதியமும் கிடைத்தன. ஒற்றருக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைவு வெளிப்படும் என்கிறார் வள்ளுவர். அந்தப் பரிசோடு அவர் எந்தத் தெருவில் எப்படி நடந்திருப்பார் என்பது ஓர் அத்தியாயத்துக்கான விஷயம்.

இந்தத் தீர்ப்புகளை உங்கள் காதலர்கள் மாற்ற முடியாது, மாற்றக் கூடாது. சின்னையா சிறையை உடைத்தால் சரித்திரம் உடையும். அவன் கையில் இருப்பது பேனா மட்டும். ஆகவே அவனை விசாரணைக் குழுவில் வாக்குமூலங்களைப் பிரதி எடுக்கும் எழுத்தராக உட்கார வையுங்கள். அரண்மனை வேலைக்காரர் ஒருவர்மீது பொய்க் குற்றம் வருகிறது. செய்தி கடத்தியது அவர் அல்ல என்று நிரூபிக்கப் பூக் கணக்கு போதும். அந்த ஏட்டை நீட்டினால் அலமேலு மாட்டுவாள்.

ஜூனில் இருந்த அதே முடிச்சு மறுபடி வருகிறது. அன்று அவன் பேசவில்லை. இப்போதும் பேசாவிட்டால் கதை நகரவில்லை. பேசினால் காதல் கதை முடிந்தது. எனக்குப் பிடித்த வழி, ஏட்டை அவன் நீட்டுவதற்கு முன் அலமேலுவே வந்து பூச் சரத்தைப் படித்துக் காட்டுவது. அவன் மறைத்ததும் அப்போது வெளியே வரும். இருவரும் ஒரே நாளில் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கிறார்கள், காப்பாற்றுகிறார்கள். தண்டனை என்ன என்பது உங்கள் விருப்பம். தூக்கு வேண்டாம், மிகை.

படி 7: எழுதும் வரிசை

முதலில் ஜூன் 17 காட்சியை எழுதுங்கள். அடுத்து விசாரணைக் காட்சி. இரண்டும் நின்றால் பிறகு வாசல் காட்சிகளை இடையில் கோத்துக்கொண்டே போகலாம். தொடக்க அத்தியாயத்தைக் கடைசியில் எழுதலாம், அதில் அண்ணன் சென்னையிலிருந்து திரும்பி வரும் நாள் வரட்டும். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் பட்டியலைத் திறந்து, யாருக்காவது தெரியக்கூடாதது தெரிந்துவிட்டதா என்று பாருங்கள். நிச்சயம் எங்காவது கசிந்திருக்கும். நாவலின் கடைசிப் பக்கத்தில் முஸ்தபா பேக், ஃபோர்ப்ஸ், கில்லெஸ்பி நிஜ மனிதர்கள், அலமேலுவும் சின்னையாவும் கற்பனை என்று இரண்டு வரி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடமே யாராவது கோட்டையில் அலமேலு பூ விற்ற இடத்தைக் காட்டுவார்கள்.