மௌண்டன் பைக்: "பிறகு மாத்திக்கலாம்" என்று வாங்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கோலாலம்பூரின் புக்கிட் கியாரா குன்று அடிவாரத்தில் நின்று டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையிடத்து நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். வயது நாற்பத்து மூன்று. பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவர். காரின் பின்கதவைத் திறந்து புத்தம் புது மௌண்டன் பைக்கை இறக்கினார். ஆரஞ்சும் கறுப்பும், பளபளவென்று. ஆயிரத்து இருநூறு வெள்ளி (ரிங்கிட்). "எப்படி இருக்குண்ணே?" என்றார். என் கண் போர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டையில், நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "அத மட்டும் பிறகு மாத்திக்கலாம்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதையேதான் நானும் ஒரு காலத்தில் சொன்னேன்.

ஹெல்மெட் போடுங்கள், பிரேக்கைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். பல வருடம் கழித்துத் திரும்ப ஓட்ட வருகிறவர்கள் கையில் அளவான காசோடு கடைக்குப் போய் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

"பிறகு மாத்திக்கலாம்"

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்ந்த நேரம். ஊரே சைக்கிள் வாங்கக் கிளம்பியிருந்தது. இருபது வருடம் கழித்து ஏறப் போகிறோம், இந்த ஆசை நிலைக்குமோ நிலைக்காதோ, எதற்கு நிறையப் போட வேண்டும் என்று 1,150 வெள்ளிக்கு ஒன்றை எடுத்தேன். டிஸ்க் பிரேக், முன்னால் சஸ்பென்ஷன், 21 கியர். "பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாமா?" என்று கடை முதலாளி தௌக்கேயைக் கேட்டேன். "போலே, போலே" (முடியும், முடியும்) என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. எவ்வளவு ஆகும் என்று நான்தான் கேட்கவில்லை.

முதலில் போனது பின்சக்கர அச்சு. மூன்றாவது மாதம், வேர்கள் படிபோல் இறங்கும் ஓரிடத்தில் வளைந்துவிட்டது. என் எடையை மட்டும் குறை சொல்ல முடியாது. மலிவு சைக்கிள்களில் பின்னால் இருப்பது ப்ரீவீல். பல்சக்கரக் கொத்து முழுவதையும் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) மேல் திருகி ஏற்றியிருப்பார்கள். அதற்கு இடம் விடுவதற்காக வலப்பக்கத்துப் பேரிங் உள்ளே தள்ளிப் போய்விடும். அங்கிருந்து பிரேம் வரைக்கும் அச்சு தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். குதித்து இறங்கினால் அங்கேதான் வளையும். பல்சக்கரங்களைத் திருகாமல் ஹப்பில் செருகிப் பூட்டும் கசெட் வகையில் பேரிங் பிரேமுக்குப் பக்கத்திலேயே உட்காரும், அதனால் அடி தாங்கும்.

சரி, கசெட் போடலாம் என்று போனேன். ப்ரீவீல் ஹப்பில் கசெட் ஏறாது. சக்கரத்தையே மாற்ற வேண்டும். பத்துப் பல்சக்கரக் கசெட் போட்டால் பழைய ஏழு கியர் ஷிப்டர் (கைப்பிடியில் கியர் மாற்றும் விசை) ஒத்துவராது, அதையும் மாற்று. ஷிப்டர் மாறினால் ஆர்.டி., அதாவது செயினைப் பின்னால் இங்குமங்கும் தள்ளும் கை, அதுவும் மாற வேண்டும். செயினும் இன்னும் ஒடுங்கலாக இருக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அப்புறம் போர்க். அதற்குள் இருந்தது வெறும் சுருள் ஸ்பிரிங். அழுத்தினால் போகும், விட்டால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளி எழும். திரும்பி வரும் வேகத்தை அடக்க உள்ளே ஒன்றுமில்லை. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த போர்க் வாங்கினால் என் எடைக்கேற்பக் காற்று அடித்துக்கொள்ளலாம் என்று தேடினேன். இப்போது வருகிற நல்ல போர்க்குகளில் பிரேமுக்குள் நுழையும் தண்டு பெரும்பாலும் மேலே 28.6 மில்லிமீட்டர், அடியில் தடித்து ஏறத்தாழ 40. என் பிரேமின் கழுத்துக் குழாயோ மேலிருந்து கீழ்வரை ஒரே ஒடுங்கல். நுழையாது. அதோடு புதியவற்றுக்கு 15 மில்லிமீட்டர் அச்சு வேண்டும், என் சக்கரத்தில் இருந்தது பழைய 9. கடைசியில் யாரோ கழற்றி வைத்திருந்த பழைய காற்றுப் போர்க் ஒன்றைப் பிடித்தேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் 1,150. சக்கரங்கள் 380. கியர் சாமான்கள் 520. போர்க் 600. கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக்கைத் தூக்கிவிட்டு ஹைட்ராலிக் போட 260. கூலி 120. மொத்தம் 3,030 வெள்ளி. அவ்வளவு போட்ட பிறகும் நடுவில் இருந்தது அதே 1,150 வெள்ளிப் பிரேம்தான். 900க்கு விற்றேன். வீட்டில் இன்னும் இந்தக் கதை ஓடுகிறது.

அதனால், பிறகு மாற்றும் எண்ணம் துளியாவது இருந்தால், கடையிலேயே மூன்றைப் பாருங்கள். பிரேமின் கழுத்துக் குழாய் மேலே ஒடுங்கி அடியில் அகன்று இருக்கிறதா? சக்கர அச்சு தடித்ததா? பின்னால் கசெட்டா, ப்ரீவீலா? மூன்றாவதைக் கண்டுபிடிக்க ஆளைக் கேட்க வேண்டாம். குட்டிப் பல்சக்கரத்துக்கு நடுவே, சாவி மாட்டும் பல் வைத்த வளையம் தெரியும். பல்சக்கரங்களைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். அந்த வளையமும் கூடவே சுற்றினால் கசெட். அசையாமல் நின்றால் ப்ரீவீல்.

1,200 வெள்ளிதான் முடியும் என்றால் அதில் வெட்கமில்லை. தாராளமாக வாங்குங்கள். ஞாயிறு காலை கார் இல்லாத நகரச் சாலையிலும் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தின் மண்பாதையிலும் அப்படியே ஓட்டுங்கள். அதில் மட்டும் காசைக் கொட்டாதீர்கள். ஆசை நிலைத்துவிட்டது என்று தெரிந்தால் விற்றுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

மலிவு விலை இரட்டை சஸ்பென்ஷன்

வேண்டாம். கனம்தான் கூடும்.

கியர் எண்ணிக்கையில் மயங்குவது

"இதுல 21, அதுல 10தான், விலை மட்டும் ரெண்டு மடங்கா?" என்று கேட்பார்கள். எண்ணிக்கையைக் கொண்டு மேடு ஏற முடியாது. என் பழைய சைக்கிளில் மிக இலேசான கியர், முன்னால் 24 பல், பின்னால் 28. ஒரு மிதிக்குச் சக்கரம் 0.86 சுற்று சுற்றும். இப்போது வைத்திருக்கும் பத்துக் கியரில் முன்னால் 32, பின்னால் 46. ஒரு மிதிக்கு 0.70 சுற்று. மேட்டில் முழங்காலுக்கு இரக்கம் காட்டுவது இரண்டாவதுதான். 21இல் பாதி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் ஒரே மாதிரிக் கியர்கள் வேறு. முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் பெரிய கசெட் என்று தேடுங்கள்.

இருபது வயது உடம்புக்கு அளவெடுப்பது

நாம் கடைசியாக ஓட்டியது 26 அங்குலச் சக்கரம். இன்றைக்கு 27.5, 29. பிரேமும் நீண்டுவிட்டது. "நான் எப்பவும் எல் சைஸ்தான்" என்ற நினைவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் போதாது, பெடல் மேல் எழுந்து நின்று பாருங்கள். இறக்கத்தில் அப்படித்தான் இருப்பீர்கள். அந்த நிலையில் கைப்பிடி எட்டவில்லை, இடுப்பு இழுக்கிறது என்றால் ஒரு அளவு குறையுங்கள்.

படத்தைப் பார்த்து செகண்ட் ஹேண்டுக்கு முன்பணம் அனுப்புவது

செகண்ட் ஹேண்ட் நல்ல வழிதான், நான் இரண்டாவதாக வாங்கியதும் அதுவே. ஆனால் நேரில் போங்கள். போர்க்கின் வழுவழுப்பான கால்களில் விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். நகம் ஓரிடத்தில் மாட்டினால் அங்கே கீறல். அந்தக் கீறல், உள்ளே எண்ணெயை அடைத்து வைக்கும் ரப்பர் வளையத்தை அறுக்கும், எண்ணெய் கசியும். கழுத்துக் குழாய் வெல்டிங்கைச் சுற்றிப் பெயிண்ட் மயிரிழை போல் வெடித்திருக்கிறதா என்று கைப்பேசி விளக்கடித்துப் பாருங்கள். வெடித்திருந்தால் விலை பேசவே வேண்டாம், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். செயின் தேய்மானம் பார்க்கும் அளவுகோல் இருக்கும் நண்பரைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. செயின் மிகவும் நீண்டிருந்தால் கசெட்டும் போயிருக்கும்.

26 அங்குலத்தில் அருமையான பழைய சைக்கிள்கள் மலிவாகக் கிடைக்கும். ஆசையாக இருக்கும். நல்ல டயரும் போர்க்கும் தேடி அலைய நேரம் இருந்தால் வாங்குங்கள்.

கையில் இருப்பதை எல்லாம் சைக்கிளுக்கே கொடுப்பது

400 வெள்ளியைத் தனியாக எடுத்து வையுங்கள். ஹெல்மெட், பம்ப், டியூப்.

டயரைத் தொடாமல் விடுவது

மாற்றாதே மாற்றாதே என்றவன் இதை மட்டும் மாற்றச் சொல்வேன். புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன, வேர்கள் பாதைக்குக் குறுக்கே கிடக்கின்றன. முந்தின நாள் மாலை மழை பெய்திருந்தால் அந்த வேர்கள் மேல் எண்ணெய் தடவினது மாதிரி இருக்கும். மலிவு சைக்கிளோடு வரும் டயர் பெரும்பாலும் கெட்டி ரப்பர், பிடிக்காது. மெத்தென்ற ரப்பரில் 2.25 அங்குல டயர் முன்னால் ஒன்று போட்டாலே வித்தியாசம் தெரியும்.

அதற்கு முன்னால் காற்றைக் குறையுங்கள், அதற்குக் காசு வேண்டாம். டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் பெரிய எண் உச்ச வரம்பு. அவ்வளவு அடிக்கத்தான் வேண்டும் என்று அர்த்தமில்லை. 80 கிலோ ஆளுக்கு, டியூப் வைத்த அந்த அளவு டயரில், காற்றழுத்தம் 28 முதல் 30 பி.எஸ்.ஐ. இருந்தால் நன்றாகப் போகும். இன்னும் இறக்கினால் டியூப் ரிம்மில் நசுங்கிப் பாம்பு கடித்தது போல் இரண்டு ஓட்டை விழும்.

நண்பரின் சைக்கிளில் கடைக்காரர் 50 அடித்து அனுப்பியிருந்தார். நான் வால்வை அமுக்கினேன். ஸ்ஸென்று காற்று போகப் போக, "போதும்ண்ணே, போதும்ண்ணே" என்று பதறினார். 30இல் நிறுத்தினேன். முதல் வேர்க்கூட்டத்தைத் தாண்டியதும் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப நல்லா பிடிக்குதுண்ணே" என்றார். அப்புறம், "போர்க்குக்கு எவ்வளவு ஆகும்?"