ரொறன்ரோ குளிருக்கு ஹீட் பம்ப்: டக்ட் வழியா, சுவர் யூனிட்டா?

ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தரும் மின் இயந்திரம். வீட்டில் காஸ் ஃபர்னஸும் டக்ட்டும் (சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் தகரக் குழாய்) இருந்தால் சென்ட்ரல் ஹீட் பம்ப். சுவரோரம் இருக்கும் மின் பேஸ்போர்ட் ஹீட்டர் மட்டும் இருந்தால் டக்ட்லெஸ், அதாவது சுவர் யூனிட். ஒன்ராறியோவில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த விடையே போதும். ஆனால் டக்ட் இருக்கிறது என்பதும் அந்த டக்ட் ஹீட் பம்புக்குத் தாங்கும் என்பதும் ஒன்றல்ல. அளவு பிழைத்தால் எந்த வகை வாங்கினாலும் ஜனவரியில் குளிரும்.

ஆகவே மெஷினைப் பார்க்கும் முன் வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணக்குப் பாருங்கள். ஃபர்னஸின் லேபிளில் 80,000 பிடியு (ஒரு மணித்தியாலத்தில் தரும் வெப்பத்தின் அளவு) என்று இருப்பதை நம்ப வேண்டாம். ஃபர்னஸ்கள் தேவைக்கு மேல் பெரிதாகவே போடப்பட்டு வந்தன. காஸ் பில்லில் ஜனவரி மாதக் கணக்கை எடுங்கள். 350 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுடுநீருக்கும் அடுப்புக்குமாக 50 கழித்தால் 300. நல்ல ஃபர்னஸில் ஒரு கன மீட்டர் காஸ் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி வெப்பம் தரும். ஆக 3,000 கிலோவாட் மணி. ஜனவரியின் 744 மணித்தியாலங்களால் வகுத்தால் சராசரி 4 கிலோவாட்.

அந்த மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் 4 பாகை என்றால், 18 பாகையிலிருந்து வித்தியாசம் 22. (வீட்டுக்குள் 21 இருந்தாலும் ஆட்கள், சமையல், வெயில் எல்லாம் கொஞ்சம் சூடு தருவதால் 18 போதும்.) ஸ்காபரோ பக்கம் கணக்கில் எடுக்கும் கடுங்குளிர் சுமார் மைனஸ் 20, வித்தியாசம் 38. நாலை 22ஆல் வகுத்து 38ஆல் பெருக்கினால் 7 கிலோவாட், அதாவது 24,000 பிடியு. 80,000 பிடியு ஃபர்னஸ் ஓடும் வீட்டின் உண்மைத் தேவை இவ்வளவுதான். ஒட்டாவாவில் மைனஸ் 25, வினிபெக்கில் மைனஸ் 33 அளவில் வைத்துப் பாருங்கள். இது வாசலில் பேரம் பேசுவதற்கான கணக்கு. ஒப்பந்தத்துக்கு முன் சிஎஸ்ஏ எஃப்280 என்ற கனேடியத் தர முறைப்படி செய்த கணக்கை எழுத்தில் கேளுங்கள். வீட்டின் சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு “3 டன் போடலாம்” என்பவரை அனுப்பிவிடலாம்.

அந்த “3 டன்” என்பது குளிரூட்டும் அளவு (ஒரு டன் என்றால் 12,000 பிடியு). குளிர்காலத்துக்கு அது ஒன்றும் சொல்லாது. உற்பத்தியாளரின் அட்டவணையில் மைனஸ் 15 பாகையில் எத்தனை பிடியு, சிஓபி எத்தனை என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். சிஓபி என்பது ஒரு பங்கு மின்சாரத்துக்கு எத்தனை பங்கு வெப்பம் கிடைக்கிறது என்பது. குளிர்நாட்டு மாடல் என்று பெயர் வாங்க மைனஸ் 15இல் குறைந்தது 1.75 வேண்டும். சாதாரண மாடல்கள் அந்தக் குளிரில் பாதி வலுவை இழந்துவிடும்.

இனி டக்ட். ஃபர்னஸ் 50 பாகைக்கு மேல் சூடான காற்றைத் தள்ளும். ஹீட் பம்ப் தருவது 32 முதல் 40 வரைதான். அதே வெப்பத்தைக் கொண்டுபோக அதிகக் காற்று வேண்டும்: ஒரு டன்னுக்கு 350 முதல் 400 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). பழைய பங்களாக்களின் ஒடுங்கிய டக்ட்டுகள், முக்கியமாகக் காற்று திரும்பி வரும் ரிட்டர்ன் பக்கம், இங்கேதான் திணறும். டெக்னீஷியனை ஸ்டாட்டிக் பிரஷர், அதாவது டக்ட்டில் காற்றுக்கு இருக்கும் தடையை, அளக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. பல ஃபர்னஸ்கள் 0.5 அங்குல நீர் அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. இப்போதே 0.8 காட்டினால், மேலே ஹீட் பம்பின் கொயிலையும் (காற்றைச் சூடாக்கும் குழாய்ச்சுருள்) வைத்தபின் மோட்டார் இரையும், அறைகளுக்குக் காற்று போகாது, மெஷின் உயர் அழுத்தத்தில் நின்று நின்று ஓடும். ஒரு அங்குல ஃபில்டரை எடுத்துவிட்டு நாலு அங்குலப் பெட்டி போடுவதும், ஒரு ரிட்டர்ன் கூட்டுவதும் பல வீடுகளில் இதைச் சரிசெய்யும். சரிவராவிட்டால் டக்ட்லெஸ் பக்கம் வாருங்கள்.

சென்ட்ரல் என்று முடிவானால் அடுத்த கேள்வி ஃபர்னஸை வைத்திருப்பதா, எடுப்பதா என்பது. வைத்திருந்தால் எந்த வெப்பநிலையில் காஸுக்கு மாறுவது என்று தெர்மோஸ்டாட்டில் குறிக்க வேண்டும். கொயில் ஃபர்னஸுக்கு மேலே இருப்பதால் இரண்டும் ஒன்றாக ஓடக்கூடாது. மாறும் இடத்தைப் பில்லிலிருந்தே கணிக்கலாம்: ஒரு கிலோவாட் மணியின் விலையை 10ஆல் பெருக்கி, ஒரு கன மீட்டர் காஸின் விலையால் வகுங்கள். மாதாந்த நிலையான கட்டணத்தை விட்டுவிட்டு டெலிவரியை மட்டும் சேருங்கள். மின்சாரம் 14 சதம், காஸ் 45 சதம் என்றால் 3.1. மெஷினின் சிஓபி அதற்கு மேல் இருக்கும் இளங்குளிரில்தான் ஹீட் பம்ப் மலிவு. இரவுநேரச் சலுகைத் திட்டத்தில் மின்சாரம் 6 சதமானால் 1.3, எந்தக் குளிரிலும் ஹீட் பம்ப்தான். காஸ் மீதான கார்பன் கட்டணம் வீடுகளுக்கு 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டது, ஆகவே அதற்கு முந்திய ஒப்பீடுகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஃபர்னஸை எடுத்துவிட்டு மின் ஹீட்டரைத் துணைக்கு வைப்பவர்கள் மின் பேனலைப் பாருங்கள். 10 கிலோவாட் ஹீட்டர் 42 ஆம்பியர் இழுக்கும், 60 ஆம்பியர் பிரேக்கர் கேட்கும். 100 ஆம்பியர் பேனலில் அடுப்பு, டிரையர், கார் சார்ஜர் என்று இருந்தால் இடம் போதாது. மேலே சொன்ன கணக்கு சரியாக இருந்தால் பெரும்பாலும் 5 கிலோவாட் போதும்; விற்பவர்கள் பழக்கதோஷத்தில் பெரிதாகப் போடுவார்கள்.

டக்ட்லெஸில் அதிகம் நடக்கும் பிழை வேறு. வெளியே ஒரு பெரிய யூனிட், உள்ளே அறைக்கு ஒன்றாக ஐந்து ஹெட் (சுவரில் மாட்டும் உள் யூனிட்). பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட யூனிட்டுகள் பல 10,000 பிடியு அளவுக்குக் கீழே இறங்காது. இரவில் ஒரு படுக்கையறைக்கு 2,000 போதும் என்னும்போது யூனிட் ஓடி நிற்கும், ஓடி நிற்கும். மின்சாரமும் கம்பிரஸரின் ஆயுளும் வீண். ஒரு ஹெட்டுக்கு ஒரு வெளி யூனிட் என்று ஒன்றோ இரண்டோ போடுவது நல்லது: 12,000 அல்லது 15,000 பிடியு ஹெட் ஒன்று கீழே வரவேற்பறையில், மற்றது மேல்மாடி நடையில். கதவு மூடும் அறைகளில் பழைய பேஸ்போர்ட்டைக் கழற்றாமல் 17 பாகையில் விட்டுவையுங்கள். மூன்று படுக்கையறைக்கும் சூடு வேண்டுமானால் நடைக்கூரையில் ஒளிக்கும் சிறு டக்ட் யூனிட் உண்டு. பேஸ்போர்ட்டின் சிஓபி எப்போதும் 1 என்பதால் பில்லில் பெரிய வித்தியாசம் தெரிவது இந்த வீடுகளில்தான்.

பேஸ்மென்டில் வாடகைக்கு ஆள் இருந்தால், மேலே சென்ட்ரல் இருந்தாலும் கீழே 9,000 பிடியு ஹெட் ஒன்று தனியாகப் போடுவது பொருத்தம். தெர்மோஸ்டாட் சண்டை தீரும்.

ஹெட்டைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். தாளிக்கும் எண்ணெய்ப் புகை ஃபில்டரைத் தாண்டி உள்ளே சுழலும் விசிறியில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டிப் பிசினாகும். பிறகு காற்றே வராது. கழற்றிக் கழுவ ஆள் கூப்பிட வேண்டும். எங்கே வைத்தாலும் மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள்.

பொருத்தும் நாளில் இரண்டைக் கவனியுங்கள். செப்புக்குழாயின் ஃப்ளேர் இணைப்புகளை டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். கசிவு அதிகம் வருவது அங்கேதான். நைட்ரஜன் அடைத்துச் சோதித்தபின் குழாய்க்குள் வெற்றிடம் 500 மைக்ரான் என்ற அழுத்த அளவுக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். கேஜில் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் காசைத் தயங்கிக் கொடுங்கள்.

வெளி யூனிட்டை நிலத்தில் வைக்காமல் 18 முதல் 24 அங்குல உயர ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பனி மூடினால் காற்று போகாது. உறைபனியை உருக்கும்போது வடியும் நீர் அடியில் கட்டியாகி விசிறியைத் தொடும். கூரைத் தண்ணீர் சொட்டும் இடமும் நடைபாதை ஓரமும் ஆகாது. இடைக்கிடை வெள்ளையாக ஆவி கிளம்பினால் பயப்பட வேண்டாம், அது டீஃப்ராஸ்ட், உறைபனியை உருக்கும் வேலை. சில நிமிடத்தில் நின்றுவிடும்.

இரவில் வெப்பத்தைக் குறைத்துக் காலையில் ஏற்றும் ஃபர்னஸ் பழக்கத்தை விடுங்கள். 17இலிருந்து 21க்கு ஒரேயடியாக ஏற்றினால் துணை ஹீட்டர் தானே ஓட ஆரம்பித்து மிச்சம் பிடித்ததை எல்லாம் தின்றுவிடும். ஒன்று அல்லது இரண்டு பாகைக்கு மேல் மாற்றாதீர்கள். வெளியே மைனஸ் 10ஐ விடக் குளிர் குறைவாக இருக்கும்போது துணை ஹீட்டர் ஓடாதபடி தெர்மோஸ்டாட்டில் பூட்டு வைக்கலாம். போட்டவரே அதைச் செய்துவிட்டுப் போகட்டும்.